ருசி பார்க்காதவள் செய்த கேக்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ்ஸின் முதுகில் கிடைத்தது. சிலருக்குக் கனவில் கிடைக்கிறதாம். எனக்குப் புகையோடு கிடைத்தது. சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகிற சாலையில், காணிப்பாக்கத்துக்குப் பிரியும் இடத்தில், என் ஸ்கூட்டருக்கு முன்னால் அந்த பஸ் வந்து சேர்ந்துகொண்டது. அதன் பின்புறம் முழுக்க ஒரு பெண்ணின் படம். கல்லூரி வயசு. நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, கையில் மூன்றடுக்குக் கேக், கீழே ஏதோ ஒரு மைதாவின் பெயர். பஸ்ஸை முந்த வழியில்லாமல் வெகுதூரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.

போகப் போக ஒன்று உறைத்தது. விளம்பரத்தில் தின்பண்டம் பிடித்திருப்பவர்கள் அதை ஆசையாகப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் வாயருகே கொண்டுபோவார்கள். இவள் கேக்கைப் பார்க்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி, 'கொஞ்ச நேரம் வைத்துக்கொள்' என்று கொடுத்துவிட்டுப் போன குழந்தையைப் போல வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து என் மனைவி சுலோசனாவிடம் சொன்னேன். அவள் டி.வி. பார்ப்பவள், நான் அதைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவன்.

"அவ யாருன்னு கூடத் தெரியாமத்தான் கதை எழுதிக்கினு கீறீங்களா?" என்றாள். "ருசி பாக்காத பொண்ணுங்க அவ. ஊரே அவளப் பத்திப் பேசிக்கினு கீது, நீங்க பஸ்ஸு பின்னால போய்க்கினு கீறீங்க."

அவள் சொன்னதைக் கேட்டும், சித்தூர் பேக்கரிக்காரரை விசாரித்தும், போனில் பழைய எபிசோடுகளைப் போட்டுப் பார்த்தும் இதை எழுதுகிறேன். மிச்சம் என் கைச்சரக்கு. எது எது என்று கேட்காதீர்கள். கேட்டால் எல்லாமே கைச்சரக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன்.

2

தொடக்கம் ஒன்று: "கோவிந்தராஜர் கோயிலில் மணி ஒலித்தது. அதே கணத்தில் ஓவனின் மணியும்—"

வேண்டாம். திருப்பதியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மணியடித்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் மணிச் சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

தொடக்கம் இரண்டு: "விஷ்ணுப்ரியா பிறக்கும்போதே கையில் கரண்டியோடு—"

அப்படிப் பிறந்திருந்தால் கதையாசிரியனைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

தொடக்கம் மூன்று: "சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் முனிகிருஷ்ணன் ஒரு ஐயங்கார் பேக்கரி வைத்திருந்தார். அதில் ஐயங்கார் இல்லை."

இது இருக்கட்டும்.

3

முனிகிருஷ்ணன் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பெங்களூரில் யாரிடமோ பேக்கரி வேலை கற்றுக்கொண்டு வந்து கடை போட்டார். போர்டில் 'ஒரிஜினல் மயில் ஐயங்கார் பேக்கரி' என்று எழுதினார். ஏன் என்று கேட்டால் நீங்கள் தென்னாட்டில் பஃப்ஸ் தின்றவர் இல்லை. ஐயங்கார் என்று போடாத பேக்கரிக்குள் ஜனங்கள் கால் வைக்க யோசிப்பார்கள். தெருவுக்கு ஒரு ஐயங்கார் பேக்கரி இருக்கும். தெருவில் ஓர் ஐயங்கார் இருக்க மாட்டார்.

வாடிக்கைக்காரர்களில் சிலர் விவரம் கேட்பார்கள். ஐயங்கார் எங்கே என்பார்கள். மலைக்குப் போயிருக்கிறார் என்று முனிகிருஷ்ணன் சொல்வார். கடை திறந்த முதல் வாரத்தில் வாயில் வந்த பொய் அது. வருஷங்கள் ஆகியும் ஐயங்கார் இறங்கி வரவே இல்லை. ஒருவர் தன் நமஸ்காரத்தைச் சொல்லச் சொன்னார். இன்னொருவர் வரும்போது லட்டு வாங்கி வரச் சொன்னார். முனிகிருஷ்ணனே மலைக்குப் போய், வரிசையில் நின்று, லட்டு வாங்கி வந்து, ஐயங்கார் கொடுத்தனுப்பியதாகக் கொடுத்தார். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒருவர் இவ்வளவு புண்ணியம் சேர்த்ததை நான் வேறெங்கும் கேள்விப்படவில்லை.

அவர் மகள் காவ்யா சித்தூர்க் கோடியில் இருக்கும் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்தாள். ஒரு மழைநாளில் திருப்பதி பஸ் வராததால், கூடப் படிக்கிற பெண்ணைக் கடைக்கு அழைத்து வந்தாள். அவள்தான் விஷ்ணுப்ரியா. முனிகிருஷ்ணன் டீ கொடுத்து, ஊர் எது என்று விசாரித்தார். திருப்பதி, வடக்கு மாடவீதி என்றாள். அப்பா என்ன செய்கிறார் என்றார். கோயிலில் கைங்கர்யம் என்றாள்.

முனிகிருஷ்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, நீ நெசமாலுமே ஐயங்காரா?"

"ஆமாம் அங்கிள்."

"இத்தினி நாளா மலைல கீறாரு மலைல கீறாருன்னு சொல்லிக்கினு இருந்தேன்," என்றார் மகளிடம். "எறங்கி வந்துட்டாரு பாரு."

"நைனா, அவ பஸ்ஸுக்கு நின்னுக்கினு கீறா, உட்டுடு," என்றாள் காவ்யா.

அவர் விடவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார். அன்றைக்கு ஐயங்கார் எங்கே என்று கேட்டவரிடம் வாழ்க்கையில் முதல் தடவையாக, 'அதோ' என்று கை காட்டினார். அப்புறம் தினமும் பஸ் வரும்வரை அவள் அங்கே இருந்தாள். சும்மா உட்கார்ந்தால் அலுக்கிறது என்று உள்ளே போய் மாவைத் தொட்டாள். முட்டை சேர்க்காத கேக்குக்கென்று ஒரு மூலையையே அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்.

4

இந்த இடத்தில் எனக்கு விஷ்ணுப்ரியா மேல் ஒரு சந்தேகம் வந்து ரொம்ப நேரம் எழுதாமல் இருந்தேன். இப்படி ஒரு பெண் இருப்பாளா?

அவள் வீட்டு வழக்கம் இது. சமைப்பதற்குத் தளிகை என்று பெயர். அதைப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணி, அதாவது நைவேத்தியம் செய்துவிட்டுத்தான் மனிதர்கள் சாப்பிடுவார்கள். அதற்கு முன் உப்பு பார்ப்பது, நாக்கில் வைப்பது, குனிந்து மோந்து பார்ப்பதுகூட எச்சில் பண்ணின மாதிரி. அம்மா வஸுமதி கல்யாணமான நாளிலிருந்து ருசி பார்க்காமல்தான் சமைக்கிறாள். உப்புக் கூடிப்போனால் முதலில் பெருமாளுக்குத் தெரியும், அப்புறம் அப்பா சாரங்கபாணிக்கு. இருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

விஷ்ணுப்ரியாவுக்கும் கை அப்படியே பழகிவிட்டது. மாவு கலக்கும்போது துப்பட்டாவை மூக்குக்குக் குறுக்கே கட்டிக்கொள்வாள். விரலில் ஒட்டிய கிரீமைக் குழாயடியில் கழுவுவாள். பேக்கரியில் மற்றவர்கள் அதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் இனிப்புச் சரியா என்று எப்படித் தெரியும்? முனிகிருஷ்ணனுக்கு ஒரு ஸ்பூன் கொடுப்பாள். அவர் முகத்தைப் பார்ப்பாள். வலது புருவம் ஏறினால் சர்க்கரை போதும். இரண்டும் ஏறினால் அதிகம். கண்ணை மூடினால் கேக்கை இறக்கிவிடலாம். மனிதர் முகத்தைப் படித்தே பேக்கிங் கற்றுக்கொண்டவள் அவள்.*

* சுலோசனாவின் குறுக்கீடு: காலேஜ் பெண் வெளியில் எதுவுமே தின்ன மாட்டாளா? தின்பாள். காவ்யாவோடு பானிபூரி தின்பாள், இரண்டாம் தட்டும் கேட்பாள். அது அவள் செய்தது இல்லையே. தன் கையால் செய்ததைப் பெருமாளுக்குக் காட்டாமல் வாயில் வைக்க மட்டும் அவளுக்கு வரவில்லை. கேக்கைப் பெருமாளுக்குக் காட்ட அப்பா ஒப்பவில்லை. மைதா ஆகாது, சோடா ஆகாது, அந்தச் சின்ன பாட்டிலில் இருக்கிற வெனிலா ஆகவே ஆகாது. எனவே அவள் செய்த கேக்கை அவளும் தின்றதில்லை.

5

ஜெயித்தாளா என்று பொறுமையில்லாமல் பின்பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு: ஜெயித்தாள். என் கவலை அதில் இல்லை.

'தீபி யுத்தம்' என்று ஹைதராபாத்தில் எடுக்கிற ஒரு தெலுங்கு நிகழ்ச்சி. தீபி என்றால் இனிப்பு. ஓவனை வைத்துக்கொண்டு யுத்தம். காவ்யா, சிநேகிதி மூக்கில் துணி கட்டிக்கொண்டு கேக் அலங்கரிப்பதை வீடியோ எடுத்து அனுப்பினாள். திருட்டுக்குப் போகிறவள் மாதிரி இருக்கிறாளே என்று யாரோ அங்கே சிரித்திருக்க வேண்டும். கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் சுற்றிலேயே நடந்தது அது. நடுவர்களில் ஒருவர் பெரிய மீசைக்காரர். அவள் கேக்கை ஒரு வாய் தின்றுவிட்டு, பாராட்டப் போகிறவர் போல நிமிர்ந்து, ருசி பார்த்தாயா என்று தெலுங்கில் கேட்டார்.

"ருசி சூசாவா அம்மா?"

"லேது சார்."

"எந்துகு?"

"எங்கிலி அவுதுந்தி சார்."

எச்சிலாகிவிடும் என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். கூட நின்ற போட்டியாளர்கள் அதுவரை நக்கிய ஸ்பூன்களை மெதுவாகப் பின்னால் ஒளித்தார்கள். மறுநாள் இரண்டு தெலுங்கு மாநிலங்களிலும் அந்தப் பேச்சுத்தான். 'ருசி சூடனி அம்மாயி' என்று பெயர் வைத்துவிட்டார்கள், ருசி பார்க்காத பெண் என்று. பரீட்சைக்குப் படிக்காமல் போனவர்கள், வண்டியை ஓட்டிப் பார்க்காமல் வாங்கினவர்கள், பெண்ணைப் பார்க்காமல் தாலி கட்டினவர்கள் எல்லோரும் அவள் படத்தைப் போட்டுத் தங்களுக்கு நியாயம் தேடிக்கொண்டார்கள்.

ஆனால் அங்கே முனிகிருஷ்ணன் முகம் இல்லை. மீசைக்காரரின் முகத்தைப் படிக்க முடியாது, பாதி முகம் மீசைக்குள் இருந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கேமராக்காரர் கங்கையா பசியோடு நின்றிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் மாவில் ஒரு ஸ்பூன் அவர் வாய்க்குப் போனது. அவர் முகம் திறந்த வீடு; உள்ளே நடப்பதெல்லாம் தெருவுக்குத் தெரியும். ஏலக்காய் தூக்கலாக இருந்தால் மூக்கு விரியும். கங்கையாவின் மூக்கை நம்பி அவள் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாள்.

6

புகழ் என்பது [இங்கே புகழைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே இருந்தது. சுலோசனா படித்துவிட்டு, 'இது யாரு கேட்டாங்க?' என்றாள். எடுத்துவிட்டேன்.]

நடந்ததை மட்டும் சொல்கிறேன். வருகைப்பதிவு குறைவு, பரீட்சை எழுத விடமாட்டேன் என்று மிரட்டிக்கொண்டிருந்த கல்லூரி முதல்வர், கல்லூரி வாசலில் அவளுக்கு ஃபிளெக்ஸ் வைத்தார். அதில் அவளைவிட அவர் படம் பெரியது. கார்வேட்டிநகரத்தில் ஒரு டிராக்டர் ஷோரூமைத் திறந்து வைக்க அவளைக் கூப்பிட்டார்கள். ரிப்பனை வெட்டியவள், டிராக்டர் வடிவத்தில் கேக் வைத்திருந்ததைப் பார்த்து, சக்கரத்தில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். தடாவிலிருந்தும், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் மயில் ஐயங்கார் பேக்கரியைத் தேடி வந்தார்கள். முனிகிருஷ்ணன் யாரும் கேட்காமலே அவள் உட்கார்ந்த நாற்காலியைக் காட்டினார்.

வீட்டில் மட்டும் வேறு மாதிரி. சுற்று முடிந்து வரும்போதெல்லாம் அவள் ஒரு பெட்டி கேக் கொண்டுவருவாள். சாரங்கபாணி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்பார். எத்தனை அடுக்கு, எது மேலே, எது கீழே, மீசைக்காரர் என்ன சொன்னார், சரியாமல் எப்படி நின்றது. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். ரொம்ப அழகா இருக்கும்மா என்பார். அப்புறம் வஸுமதி அந்தப் பெட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

பக்கத்து வீட்டுக்காரர் மூன்று கிலோ ஏறிவிட்டார். விஷ்ணுப்ரியாவுக்கு அழுகை வரும். அப்பா மேல் கோபம் இல்லை. அவர் பிடிவாதக்காரர் இல்லை, பழக்கக்காரர் என்று அவளுக்குத் தெரியும். ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் ருசித்ததை அப்பா ஒரு துண்டு வாயில் போட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

7

தொகுப்பாளினி ஷோபா, உடம்பெல்லாம் ஜிகினா மினுங்க, அரையிறுதி முடிவில் அறிவித்தாள். இறுதிச் சுற்று குடும்பச் சுற்று. போட்டியாளர் செய்கிற கேக்கின் முதல் துண்டை நடுவர்கள் தொட மாட்டார்கள். அம்மாவோ அப்பாவோ மேடையில் சாப்பிட வேண்டும், குளோசப்பில், பின்னணியில் புல்லாங்குழலோடு.

ஷோபா அம்மாவோ அப்பாவோ என்றாளே, அம்மா போகக்கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அம்மாவும் அதே தளிகைதான் சாப்பிடுகிறாள். தவிர, சேனல்காரர்களுக்கு அப்பா வேண்டும். கோயில் கைங்கர்யக்காரர், ருசி பார்க்காத பெண்ணைப் பெற்றவர். அவர் முகம் குளோசப்புக்கு நன்றாக இருக்கும் என்று தீர்மானித்துவிட்டார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது சாரங்கபாணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "என்னால முடியாதேம்மா," என்றார். மன்னிப்புக் கேட்கிற குரல் அது.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மைதா, சோடா, வெனிலா மூன்றையும் தள்ளிவிட்டு, அரிசி மாவு, வெல்லம், நெய், பால் சேர்த்து ஓவனில் வைத்து எடுத்துக் காட்டினாள். அப்பா கண்ணாடி போட்டுப் பார்த்தார். இது பேஷாகக் கண்டருளப் பண்ணலாம், ஆனால் இது கேக் இல்லை, சுட்ட அக்காரவடிசல் என்றார். படத்தை ஹைதராபாத்துக்கு அனுப்பினாள். அவர்களும் அதையேதான் சொன்னார்கள், தெலுங்கில்.

பெருமாளுக்கு ஆகிற கேக், கேக் இல்லை. கேக்காக இருப்பது பெருமாளுக்கு ஆகாது. பெருமாளுக்கு ஆகாதது அப்பாவுக்கு ஆகாது. கேமரா முன்னால் அப்பா தட்டைத் தள்ளினால் அவள் மானம் போகும். அவளுக்காக வாயில் போட்டால் அவர் இத்தனை வருஷம் வைத்துக் காப்பாற்றியது போகும். இரண்டில் எது நடந்தாலும் அதற்கப்புறம் பேக்கிங் வேண்டாம் என்று அவள் காவ்யாவிடம் போனில் சொன்னாள். நைனா உனக்காக மலைக்கு நடந்து போறேன்னு வேண்டிக்கினு கீறாரு என்று மட்டும் காவ்யா சொன்னாள்.

8

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். கைவசம் இருந்த முடிவுகளை வரிசையாகச் சுலோசனாவிடம் படித்துக் காட்டினேன்.

முதலாவதில் சாரங்கபாணி, "பெற்ற பெண்ணைவிடப் பெரிய பெருமாள் உண்டோ" என்று சொல்லிக் கேக்கைச் சாப்பிடுகிறார். அரங்கமே எழுந்து நின்று—

"அந்த மனுசன் அப்பிடிப் பேசுவாரா?" என்றாள் சுலோசனா. பேச மாட்டார். அந்த வசனத்தை அவர் வாயில் நான்தான் திணித்தேன், கேக்கைத் திணித்தது போல.

இரண்டாவதில் அவர் தட்டைத் தள்ளிவிடுகிறார். விஷ்ணுப்ரியா மேடையை விட்டு இறங்கி, ஹுசேன் சாகர் கரையில் காற்றில் துப்பட்டா பறக்க—

"துப்பட்டா மூக்குல கட்டிக்கினு கீது, எப்பிடிப் பறக்கும்?" என்றாள். அதுவும் போயிற்று.

மூன்றாவதில் கரண்ட் போய்விடுகிறது. சித்தூர் ஜில்லாக்காரனுக்கு இயல்பாக வருகிற முடிவு அது. டி.வி. ஸ்டுடியோவில் ஜெனரேட்டர் இருக்கும் என்று அவளே சொன்னாள். இவ்வளவு விவரம் தெரிந்தவள் எழுதாமல் டி.வி. பார்க்கிறாள், ஒன்றும் தெரியாத நான் எழுதுகிறேன்.

கடைசியில் நடந்ததையே எழுதுவது என்று முடிவு செய்தேன். கற்பனைக்காரனுக்கு இது ஒரு தோல்விதான்.

9

அப்பாவும் அம்மாவும் ரயிலில் ஹைதராபாத் போனார்கள். மடியில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் வீட்டுச் சாளக்கிராமம். தினப்படி பூஜையான திருவாராதனம் நிற்கக்கூடாது என்பதால் வெளியூர் போனால் பெருமாளும் கூடவே போவார். டிக்கெட் இரண்டு, பயணிகள் மூன்று பேர். ஸ்டுடியோ வாசலில் பெட்டியில் என்ன என்று காவலாளி கேட்டதற்கு, பெருமாள் என்று சாரங்கபாணி உள்ளதைச் சொன்னார். காவலாளி கும்பிட்டுவிட்டு உள்ளே விட்டார்.

மேடையில் விஷ்ணுப்ரியா மூக்கில் துணி கட்டிக்கொண்டு மாவு கலக்கினாள். மைதாதான், சோடாதான், கேக் என்றால் கேக். நெய்யும் பாலும் ஏலக்காயும், சிட்டிகை பச்சைக் கற்பூரமும். வெனிலா பாட்டிலை மட்டும் தொடவில்லை. வழக்கம்போல் கங்கையா கேமராவோடு கிட்டே வந்து வாயைத் திறந்தார். அவள் தலையை ஆட்டிவிட்டாள். திரும்பவும் வந்தார். இல்லை அண்ணா என்றாள். தன்மேல் என்ன கோபமோ என்று அவர் சுருங்கிப்போனார். இத்தனை சுற்றிலும் அந்த மூக்கை நம்பி வந்தவள், பரிசு தீர்மானமாகிற சுற்றில் யார் முகத்தையும் பார்க்காமல் குருட்டாம்போக்கில் செய்தாள். ஏன் என்று ஷோபாவுக்குப் புரியவில்லை. எழுதிக்கொண்டிருந்த எனக்கும் அப்போது புரியவில்லை.

கேக் ஆறியது. கிரீம் பூசினாள். ஒரு துண்டை வெட்டி ஷோபா சாரங்கபாணியிடம் நீட்டினாள். புல்லாங்குழல் ஆரம்பித்தது. கேமரா கிட்டே வந்தது. அவர் தட்டைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார்.

"ருசி பார்த்தியோ?"

"இல்லைப்பா."

"மோந்து பார்த்தியோ?"

"இல்லை."

"வேற யாருக்காவது குடுத்துப் பார்த்தியோ?"

"யாருக்கும் குடுக்கலைப்பா. வீட்டுல பண்ற மாதிரிதான் பண்ணினேன்."

வரிசையில் உட்கார்ந்திருந்த வஸுமதி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மைதா என்ற சொல் சாரங்கபாணியின் உதட்டில் வந்து திரும்பிப்போனதை எபிசோடில் பார்க்கலாம்.

"சரி. அதையெல்லாம் பெருமாள்கிட்ட நான் பேசிக்கறேன்," என்றார். "திரை போடச் சொல்லு."

ஷோபாவுக்கு விளங்கவில்லை. அவர் தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். பெருமாள் அமுது செய்யும்போது யாரும் பார்க்கக்கூடாது, கோயிலில் திரை போடுவார்கள், இங்கேயும் ஏதாவது துணி இருந்தால் தேவலை. உலகத்தையெல்லாம் காட்டுகிற தொழிலில் இருப்பவர்களிடம் இப்படி ஒருவர் கேட்டதில்லை. டைரக்டர் காதுக் கருவியில் கத்தியது வெளியே கேட்டது. மீசைக்காரர்தான் முதலில் எழுந்தார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். கங்கையா கேமராவை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, ஸ்டுடியோவில் விளக்கை மறைக்க வைத்திருந்த கறுப்புத் துணியின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை மீசைக்காரர் பிடித்தார். துணிக்கு அந்தப் பக்கம் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

விஷ்ணுப்ரியா துணிக்கு வெளியே, வீட்டில் வழக்கமாக நிற்கிற மாதிரி, கை கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"விஷ்ணு, நீ ஏன் வெளில நிக்கறே? தளிகை பண்ணினது நீதானே. உள்ள வா."

திரைக்கு உள்ளே அவளை அவர் அதுவரை கூப்பிட்டதே இல்லை. அவள் மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கங்கையா தூக்கிக் கொடுத்த துணிக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள்.

10

இதற்கப்புறம் எபிசோடில் வெறும் கறுப்புத் துணிதான். பார்க்கப் பார்க்க அலுக்காத கறுப்புத் துணி.

துணியை இறக்கியபோது தட்டில் துண்டு இல்லை. உள்ளே இருந்தவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். துடைத்தது கண்ணீரையா கிரீமையா என்று போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது.

நான் ஆசிரியன். எனக்குத் துணி ஒரு தடையில்லை. ஒரு வாக்கியம் எழுதினால் உள்ளே போய்விடலாம். "துணிக்கு அந்தப் பக்கம் சாரங்கபாணி அந்தத் துண்டைக் கையில் எடுத்து—" இது வரை எழுதி, பேனாவை மூடிவிட்டேன். பார்க்கக்கூடாது என்று அந்த மனிதர் கேட்டுக்கொண்டார். டைரக்டரே அதற்குக் கட்டுப்பட்டார், நான் எம்மாத்திரம்.

சுலோசனாவுக்குக் கோபம். அப்பா தின்றாரா இல்லையா, அதைக் கூடச் சொல்லாமல் என்ன கதை என்றாள். நீயே சொல்லேன் என்றேன். காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"துன்னுருப்பாரு. உள்ள வான்னு கூப்பிட்டவரு துன்னாம இருப்பாரா?" அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். "ஆனா மொத வாய அந்தப் பொண்ணுக்குத்தாங்க ஊட்டியிருப்பாரு. பாவம், அவ செஞ்சது என்னா ருசின்னு அவளுக்கே தெரியாதே."

சொல்லிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நறுக்கியது வெங்காயம் இல்லை, பீர்க்கங்காய். இது சுலோசனாவின் முடிவு. உங்களுக்கு வேறு தோன்றலாம். நான் துணிக்கு இந்தப் பக்கமே நிற்கிறேன். நீங்கள் வேண்டுமானால் உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.